மண்ணைத் தோண்டும் மிலூ

எங்கள் வீட்டில் நாய் வளர்த்த வழக்கமே கிடையாது. போன வருடம் மகளும் மருமகனும் வெளிநாடு கிளம்பியபோது, "ஆறு மாசம்தான்ப்பா" என்று ஒரு ஜாக் ரஸ்ஸல் டெரியரைச் செங்கல்பட்டு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஆறு மாதம் இப்போது பதினாலு மாதமாகிவிட்டது.

உயரம் ஒரு அடி, எடை 6 கிலோ. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. "அட, நம்ம ரெக்கார்டு நாய்!" என்றாள் என் மனைவி. ஹெச்.எம்.வி. இசைத்தட்டில் குழாய்க்கு முன் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்த நிப்பரும் டெரியர் கலப்புதான். எனக்கு வேறு ஞாபகம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தபோது, கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோன டின்டின் படக்கதைகளில் வரும் டெரியருக்குப் பெயர் மிலூ. (ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு ஸ்நோயி.) மகள் வைத்த பெயர் ஏதோ இருந்தது. நான் மிலூ என்றுதான் கூப்பிட்டேன். இரண்டே நாளில் திரும்பிப் பார்த்தது.

ஒரு வாரத்தில் செம்பருத்தி, வாழைக்கன்று, துளசிமாடத்தடி எல்லாவற்றையும் தோண்டிவிட்டது. மனைவி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். பகலெல்லாம் குரைத்தது. மூன்றாம் நாள் குரைப்பும் நின்றது, சோற்றையும் தொடவில்லை.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். இது மடியில வச்சுக்கிற நாய் இல்ல, வேலைக்கார நாய். நீங்க வேலை கொடுக்கல, அதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ரிடையர் ஆன முதல் மாதம், காலை பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் நான். அதைவிட வெட்கம் இன்னொன்று. பிரெஞ்சில் 'தெர்' என்றால் மண், 'தெரியே' என்றால் வளை. அந்தப் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. அந்த மொழியில் படித்த நானே அதைக் கவனிக்கவில்லை.

ஜான் ரஸ்ஸல் இங்கிலாந்துப் பாதிரியார். 1819-ல் ஆக்ஸ்போர்டில் படிக்கும்போது ஒரு பால்காரரிடம் 'டிரம்ப்' என்ற பெட்டை நாயை வாங்கினார், அதிலிருந்து வந்த வம்சம் இது என்பார்கள். (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்!) நரி வளைக்குள் நுழைந்து, நரியைக் கொல்லாமல், குரைத்துக் குரைத்தே வெளியே விரட்டுவதுதான் இவற்றின் உத்தியோகம். ஆக, தோண்டுவதும் குரைப்பதும் சேட்டை இல்லை, டியூட்டி.

அன்றே சங்கிலியைக் கழற்றினேன். காலையும் மாலையும் நடை. டிசம்பரில் மாமல்லபுரத்துக்கு வடக்கே உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, மிலூவுக்குக் கொண்டாட்டம். சவுக்குத் தோப்பு, மணல், நண்டு வளை. ஒரு சாயங்காலம் தோப்பின் வரப்பில் இருந்த வளை ஒன்றில் தலையை விட்டுக்கொண்டு வாலை ஆட்டியது. எலிதானே என்று நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வழியாக வந்த இருளர் ஒருவர், வயது அறுபது இருக்கும், "ஐயா, நாயத் தூக்குங்க. மொதல்ல தூக்குங்க" என்றார். குரலில் இருந்த அவசரத்தில் பின்னங்காலைப் பிடித்து இழுத்துவிட்டேன். "எலி இருந்தா வாயில புது மண்ணு தள்ளியிருக்கும். இது பாருங்க, வழவழன்னு கெடக்கு." குச்சியால் பக்கத்துப் புல்லை விலக்கினார். ஒரு முழத்துக்குப் பாம்புச் சட்டை. "நல்லது இருக்குதுங்க."

அவர் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவராம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கிலிருந்தும் அங்கே விஷம் எடுக்கிறார்கள். அது விஷமுறிவு மருந்துக்குப் போகிறது. கடிபட்ட நாய்க்கும் அதே மருந்தைத்தான் போடுவார்களாம். ஆனால் 6 கிலோ உடம்பில் ஏறிய விஷம் அதுவரை காத்திருக்குமா?

அவர் மிலூவின் தலையைத் தட்டி, "வளை பார்த்தா விடமாட்டான். இவனும் நம்ம தொழில்தான்" என்று சிரித்தார். என் கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. வீடு திரும்பும் வரை அதைக் கீழே இறக்கவில்லை.

இந்த இனம் பதிமூன்று, பதினான்கு வருடம் சர்வசாதாரணமாக இருக்குமாம். மிலூவுக்கு இப்போது மூன்று, எனக்கு எழுபத்து நான்கு. இந்தக் கணக்கை நானும் மனைவியும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. மகளும் எப்போது வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

வெளியில் இப்போது வார் இல்லாமல் விடுவதில்லை. கொல்லைப்புறத்தில் ஆறடிக்கு நாலடி செங்கல் கட்டி மணல் நிரப்பியிருக்கிறேன். தினமும் காலையில் அதில் பழைய டென்னிஸ் பந்தையும் கொட்டாங்கச்சியையும் புதைத்து வைப்பது என் மனைவி. "என்னங்க, அதுகிட்ட எங்க வச்சேன்னு சொல்லிடாதீங்க" என்பாள், காதோரம், அதற்குக் கேட்காதபடி.