அழகர்மலைப் பயணமும் அளவான செலவும்

மதுரை மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில் அழகர்கோவில் அமைந்துள்ளது. ஆழ்வார்கள் பாடிய திருமாலிருஞ்சோலை இதுவே. மலையடிவாரத்தில் கள்ளழகர் திருக்கோயிலும், மலைமேல் சோலைமலை முருகன் கோயிலும், அதற்கும் மேலே நூபுர கங்கை என்னும் சிலம்பாறும் உள்ளன. வழிபாடும் நீராடலும் காட்டின் குளிர்ச்சியும் ஒரே நாளில் கிடைப்பதால், சுற்றுப்புறத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வந்து செல்கின்றன.

வருவாய் குறைந்த குடும்பத்துக்கு அந்த ஒரு நாள் எளிதில் வாய்ப்பதில்லை. பயணத்துக்கென வாங்கிய கைமாற்று, அடுத்த மாதத்து அரிசியையும் பிள்ளைகளின் குறிப்பேட்டையும் விழுங்கிவிடுவதுண்டு. ஒரு நாள் மகிழ்ச்சிக்குப் பல மாதம் வட்டி கட்டும் வீடுகளும் உள்ளன. அதற்கு அஞ்சிப் பயணத்தையே கைவிடுவோரும் இருக்கின்றனர். அதனைச் சிக்கனம் என்று பெரியோர் கூறிக்கொண்டாலும் சிறுவர்க்கு அஃது இழப்பே.

முற்காலத்தவர் இதனை எங்ஙனம் சமாளித்தனர்? சித்திரைத் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டி வந்த உழவர்கள், அரிசி, பருப்பு, விறகு, பாத்திரம் ஆகிய அனைத்தையும் வண்டியிலேயே ஏற்றி வந்தனர். வைகை மணலிலும் தோப்பு நிழலிலும் அடுப்பு மூட்டிச் சமைத்து உண்டனர். உணவுக்குக் காசு வேண்டியிராமையால், மடியிலிருந்த பணம் காணிக்கைக்கும், பிள்ளைகளின் ராட்டினத்துக்கும் பொரிகடலைக்கும் உதவிற்று.

அழகரின் பயணமே ஒரு திட்டமிட்ட பயணம் எனலாம். அவர் மலையினின்று புறப்பட்டு, தல்லாகுளத்தில் எதிர்சேவை ஏற்று, சித்திரை முழுநிலா நாளில் வைகையாற்றில் எழுந்தருளுகிறார். பின்னர் வண்டியூர் சென்று மலைக்குத் திரும்புகிறார். வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டபங்களில் தங்குகிறார். இதற்கு மண்டகப்படி என்று பெயர். இன்ன மண்டபத்துச் செலவு இன்னாருடையது என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். காணிக்கை பெறும் உண்டியல்களும் உடன் செல்லும். பெருஞ்செலவு பல கைகளில் பகிரப்படுவதால் ஒருவர் தலையிலேயே முழுச் சுமையும் விழுவதில்லை.

இம்முறை ஒரு சிறு குடும்பத்துக்கும் பொருந்தும். பாட்டி, தாய், தந்தை, மகள், மகன் என ஐவர் உள்ள வீட்டில், வாரந்தோறும் 25 ரூபாய் மண் உண்டியலில் இட்டுவந்தால் 40 வாரங்களில் 1,000 ரூபாய் சேரும். இருவேளை உணவை வெளியில் வாங்கி, ஆளுக்கு வேளைக்கு 100 ரூபாய் கொடுத்தால் அந்த ஆயிரமும் அங்கேயே தீர்ந்துவிடும். ஆகவே உணவே முதலில் கருதத்தக்கது.

இதற்கு நம் முன்னோர் கண்ட வழி கட்டுச்சோறு. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளியோதரை மாலைவரை கெடாது. தயிர்ச்சோற்றுக்குக் காலையில் பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதாகவும் சேர்த்துப் பிசைந்தால் நண்பகலில் புளிக்காமல் இருக்கும். மாங்காய் ஊறுகாயும் வறுத்த அப்பளமும் துணையாகும். இவற்றுக்கு 250 ரூபாய் ஒதுக்கினால் ஐவரும் வயிறார உண்ணலாம். சோற்றுப் பையை மட்டும் கைவிடாது காத்தல் வேண்டும். அழகர்மலைக் குரங்குகள் எவருடைய வரவுசெலவுத் திட்டத்தையும் மதிப்பதில்லை!

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் 2021 மே முதல் கட்டணமின்றிச் செல்லலாம். எனவே தந்தைக்கும் மகனுக்கும் மட்டுமே சீட்டு வாங்க வேண்டும். அதற்கு 100 ரூபாய் வைக்கலாம். அறநிலையத்துறைக் கோயில்களில் முடியிறக்குவதற்கும் அதே ஆண்டு முதல் கட்டணம் இல்லை. மலைமேல் செல்ல இளையோர் நடக்கலாம். ஆனால் பாட்டியை நடக்கவைத்து ஊர்திக் கட்டணத்தை மிச்சப்படுத்துவது சிக்கனமன்று, கொடுமையே ஆகும். அவருக்கும் துணை செல்வோருக்குமாக 150 ரூபாய் வைத்தல் தகும். காணிக்கைக்கும் பூசைப் பொருள்களுக்கும் 150 ரூபாய் போதும்.

எஞ்சிய 350 ரூபாயில் 200 ரூபாய் பிள்ளைகளின் விருப்பத்துக்கும் தோசைக்கும் உரியது. அழகர்கோவிலுக்கு வந்தவர் தோசைப் பிரசாதம் உண்ணாமல் திரும்பார். உளுந்தும் அரிசியும் மிளகும் சீரகமும் சேர்த்து நெய்யில் வேகவைத்த தடித்த தோசை அது. ஒன்றை வாங்கி ஐவரும் பிட்டு உண்டாலும் சுவை குறைவதில்லை.

கணக்கெழுதும் பொறுப்பை மகளிடம் கொடுத்துவிடுவது நன்று. செலவுகளைத் தன் கையாலேயே எழுதும் பிள்ளை, பொம்மைக் கடை முன்னே அழுது நிற்காது. எது வேண்டும், எது வேண்டா என்று தானே கூட்டிக் கழித்துப் பார்க்கும். தம்பிக்கும் அதனை எடுத்துச் சொல்லும்.

மிகுதியான 150 ரூபாய், எதிர்பாராத தேவைக்கு உரியது. கடைசிப் பேருந்து தவறலாம். சிறுவனின் செருப்பு அறுந்துபோகலாம். பாட்டிக்குக் களைப்பு நீங்க இளநீர் வேண்டியிருக்கலாம். அப்படி ஒன்றும் நேராமற்போனால், அத்தொகை அன்றிரவே புதிய மண் உண்டியலுக்குள் விழும். அடுத்த பயணத்துக்கு அஃது ஆறு வாரச் சேமிப்பு.