பதினைந்தாவது டிஸ்க்

நான் பி.காம். வகுத்தல் தண்ணி பட்ட பாடு என்று நினைத்திருந்தேன், 2007 வரை.

சேலத்தில் அப்பாவின் அறுபதாம் கல்யாணம். வீடியோ ஐந்து டிஜிட்டல் கேசட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கம்ப்யூட்டரில் ஏற்றினால் கேசட்டுக்கு 13 ஜிபி, மொத்தம் 65. டிவிடியில் கொள்வது 4.7. வகுத்தால் 13.83. சரி, 14 என்று வாங்கி வந்துவிட்டேன்.

ரைட் பண்ணும்போதுதான் இடித்தது. கேசட்டுக்கு மூன்று டிஸ்க். மூன்றாவதில் ஒரு ஜிபி சும்மா கிடக்கும். அதில் அடுத்த கேசட்டை ஆரம்பிக்க மனசில்லை. ஆக, 15 வேண்டும்.

நாமக்கல்லில் முட்டை வியாபாரம் பார்க்கும் மச்சான் சிரித்தார். “என்னைக் கேட்டிருக்கலாமுங்க மாப்ளே. டிரேவுக்கு 30 முட்டை. 400 முட்டைக்கு 14 டிரே போதும். அதையே அஞ்சு கடைக்கு எண்பது எண்பதாப் பிரிச்சு அனுப்பினா? கடைக்கு மூணு. பதினஞ்சு ஆச்சுங்களே!”

பதினைந்தாவதை நாளைக்கு வாங்கலாம் என்று விட்டேன். அந்த வாரமே ஹார்ட் டிஸ்க் போயிற்று. அதில்தான் எல்லாம் இருக்கிறதே என்று, கேசட்டுகளில் ஏற்கெனவே ஒரு காதுகுத்தைப் பதிந்திருந்தேன் (சிக்கனம், வேறென்ன!).

போனது கடைசிக் கால் மணி நேரம். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு அப்பா பேசியது அதில்தான். இன்று அவர் இல்லை. மீதி 14 டிஸ்க்கிலும் வந்தவர்களையெல்லாம் ‘வாங்க, வாங்க’ என்று கும்பிடுகிறார். நாதஸ்வரச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை.