ஒரு வாளி ஸ்டவுட்டும் ஒரு சாடி ஒயினும்

புள்ளியியல் பயிலும் மாணவர் எவரும் ‘ஸ்டூடண்ட்’ டி-சோதனையைக் கடக்காமல் பட்டம் பெறுவதில்லை. அந்தச் சோதனை டப்ளின் நகரின் கின்னஸ் மதுவாலையில் எழுந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தது என்பதை மட்டும் வகுப்பறைகள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் கற்ற வில்லியம் சீலி காசெட், 1899இல் அங்கே பணியில் சேர்ந்தார். கரிய ஸ்டவுட் பியருக்கு வேண்டிய பார்லி, மால்ட், ஹாப் ஆகியவற்றின் தரத்தை மிகச் சில அளவீடுகளைக் கொண்டே அவர் கணிக்க வேண்டியிருந்தது. அன்றைய புள்ளியியலோ ஆயிரக்கணக்கான தரவுகளுக்கென்று உருவானது. நான்கைந்து அளவீடுகள் மட்டுமே கையில் இருக்கும்போது எந்த வேறுபாட்டை நம்பலாம், எதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம்? 1906–07இல் லண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வகத்தில் தங்கி இக்கேள்வியை ஆராய்ந்த காசெட், 1908இல் ‘பயோமெட்ரிக்கா’ இதழில் விடையை வெளியிட்டார். ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிட நிறுவனம் இசையாததால் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரே நிலைத்தது.

காசெட்டின் கேள்வி, ஒரு நூற்றாண்டுக்குப் பின், ஷெஃபீல்டு நகரின் ஒரு வாடகை வீட்டுச் சமையலறையிலும் எழுந்தது. கேட்டவர் கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் பிறந்து வளர்ந்த ஓர் ஆய்வு மாணவர். அவருடைய தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். இங்கிலாந்தில் வீட்டுத் தேவைக்குப் பியர் தயாரிக்க 1963 முதல் உரிமமும் வரியும் இல்லை. எனவே அவர் கடையில் ஒரு ஸ்டவுட் கிட் வாங்கினார்.

கிட் என்பது பெரும்பகுதி வேலையைப் பிறர் முடித்துக் கொடுத்த ஒரு பெட்டி. ஹாப் சேர்த்துக் காய்ச்சிச் சுண்டவைத்த மால்ட் பாகு ஏறத்தாழ 1.7 கிலோ தகரக் குவளையில் இருக்கும். மூடியின் கீழே ஒரு சிறு பொட்டலம் ஈஸ்ட். ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டராகும்வரை நீரூற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடிவைக்க வேண்டும் என்பது குறிப்பேட்டின் சுருக்கம். அவ்வாறே செய்தார். கிடைத்தது கரிய நிறமுள்ள ஒரு நீர்த்த பானம். நுரை நிற்கவில்லை, வாயில் கனமில்லை, விழுங்கியபின் நாவில் எதுவும் தங்கவில்லை.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது முதல் வழி. பானம் மேம்படலாம்; ஆனால் எதனால் மேம்பட்டது என்பது தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பிடுவது இரண்டாம் வழி. நொதித்து முடிய இரண்டு வாரம், புட்டியில் முதிர ஒரு மாதம் என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு ஏழெட்டுச் சோதனைகளுக்கு மேல் இயலாது. ஆயினும் அவர் இரண்டாம் வழியையே தேர்ந்தார். ஒரு கிட்டை இரு வாளிகளில் சரிபாதியாகப் பிரித்து, ஒரு வாளியில் மட்டும் மாற்றம் செய்தார்.

முதல் மாற்றம் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரையை ஈஸ்ட் முழுவதும் தின்றுவிடுகிறது. ஆல்கஹாலும் வாயுவும் மிஞ்சுமேயன்றிப் பானத்துக்கு உடல் சேராது. உலர் மால்ட் தூளிலோ ஈஸ்ட்டால் செரிக்க இயலாத டெக்ஸ்ட்ரின்களும் புரதங்களும் உண்டு. அவையே கனத்தையும் நுரையையும் தருபவை. ஒரு வாளியில் சர்க்கரையும் மற்றதில் அதே எடை மால்ட் தூளும் சேர்த்தார். ஈஸ்ட், வெப்பநிலை, முதிரும் காலம் ஆகியவற்றில் வேறுபாடு இல்லை.

ஒப்பீட்டுக்கு முக்கோணச் சோதனையைக் கையாண்டார். சுவைப்பவர் முன் மூன்று கோப்பைகள் வைக்கப்படும். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. வேறுபட்ட கோப்பையைச் சுட்ட வேண்டும். வெறும் ஊகத்தால் சரியாகச் சொல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. அறைத் தோழர்களும் ஆய்வகத்தினருமாக எட்டுப் பேர் சுவைத்தனர். எட்டுப் பேரும் சரியாகச் சுட்டினர். ஊகத்தால் மட்டும் அவ்வாறு நிகழும் வாய்ப்பு 6,561இல் ஒன்று. சர்க்கரை பற்றிய ஐயம் அன்றோடு தீர்ந்தது.

அடுத்தது வெப்பநிலை. வெதுவெதுப்பான அலமாரியில் 25 பாகைக்கு மேல் நொதித்த வாளி கூர்மையான மணம் வீசியது. 18 முதல் 20 பாகைக்குள் நொதித்தது அடங்கிய சுவை பெற்றது. நொதித்தல் முடிந்ததா என்பதைக் குமிழிகளை எண்ணி முடிவு செய்வதையும் கைவிட்டார். ஹைட்ரோமீட்டர் அடுத்தடுத்த நாள்களில் ஒரே அளவைக் காட்டிய பின்னரே புட்டியில் நிரப்பினார். சர்க்கரை மிஞ்சியிருக்கையில் அடைத்த புட்டி வெடித்துவிடக்கூடும்.

மூன்றாம் மாற்றத்தில்தான் ஊர் உள்ளே வந்தது. ஸ்டவுட்டின் கருமைக்கு வறுத்த தானியமே காரணம். 1817இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற வறுகலனால்தான், மால்ட்டைத் தீய்க்காமல் கறுக்கும்வரை வறுப்பது எளிதாயிற்று. கிட்டில் சிறிது வறுத்த பார்லிச் சாற்றைச் சேர்ப்பது பலரும் செய்வது. அவரோ பார்லியின் இடத்தில் ராகியை வைக்க எண்ணினார். கோலார் ராகி விளையும் மண். முளைகட்டிய ராகி அங்கே குழந்தைகளின் முதல் உணவு. முளைவிடும்போது உண்டாகும் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வறுக்கையில் மணமாக மாறுகின்றன. ஆனால் கறுக்க வறுத்த தானியத்தில் நொதிகள் அழிந்துவிடுவதால் அது மணத்துக்கும் நிறத்துக்கும் மட்டுமே பயன்படும். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து தாயார் முளைகட்டி உலர்த்தி அனுப்பிய ராகியை வாணலியில் வறுத்து, 150 கிராமை நொறுக்கி, 70 பாகைக்கு மேற்படாத நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து வடித்துக் கொதிக்கவிட்டு, ஒரு வாளியில் சேர்த்தார். மற்ற வாளியில் அதே எடை வறுத்த பார்லி.

எட்டுப் பேரில் ஐவர் சரியாகச் சுட்டினர்.

அந்த எண் அவரை அலைக்கழித்தது. ஐவருக்குத் தெரிந்தது என்று மகிழலாம். ஆனால் எட்டுப் பேரில் ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ ஊகத்தாலேயே சரியாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது. வழக்கமான ஐந்து விழுக்காட்டு எல்லைக்குள் வர ஆறு பேர் வேண்டும். அதே விகிதம் பதினாறு பேரிடம் கிடைத்திருந்தால், அதாவது பத்துப் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், முடிவு வேறு. அதே எட்டுப் பேரை மறுநாள் மீண்டும் அழைத்துப் பதினாறு என்று எண்ணுவதும் நேர்மையாகாது. ராகியின் சுவை பானத்தில் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அவர் நாவுக்கு அது தெரியவும் செய்தது. எந்த வாளியில் ராகி என்பதை முன்னமே அறிந்த நாவு அது. குறிப்பேட்டில் அவர் எழுதியது இவ்வளவே: “ராகி – எட்டில் ஐந்து. முடிவு இல்லை. வேறு ஆள்களுடன் மீண்டும்.”

அவர் பிறந்த வீட்டிலும் ஆண்டுதோறும் ஒரு நொதித்தல் நடந்தது. தங்கவயலின் ஆங்கிலோ-இந்தியர் வீடுகளிலும் தமிழ்க் கிறித்தவர் வீடுகளிலும் கிறிஸ்துமஸுக்கு முன் திராட்சை ஒயின் போடுவது வழக்கம். பாட்டி கருந்திராட்சையைப் பிசைந்து, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்துப் பீங்கான் சாடியில் துணிகட்டி வைப்பார்; நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, இருபத்தொரு நாளில் வடிப்பார். திராட்சையின் புளிப்பை நாவால் அறிந்து சர்க்கரையைக் கூட்டவும் குறைக்கவும் அவருக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒரு சாடி. நாற்பது ஆண்டுகளில் நாற்பது சாடிகள். காசெட்டுக்குக் கிடைத்த மாதிரிகளைவிடச் சிறிய எண்ணிக்கை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எதுவும் எழுதப்படவில்லை. பாட்டி மறைந்தபின் அதே சாடியில் தாயார் போட்ட ஒயின் சில ஆண்டுகள் புளித்தது, சில ஆண்டுகள் பாகாய் இனித்தது. பாட்டி சேர்த்த சர்க்கரையின் அளவைத் தொலைபேசியில் கேட்ட மகனுக்கு, “அளவெல்லாம் ஏதுடா? அவங்களுக்குக் கைதான் கணக்கு” என்ற விடையே கிடைத்தது.

குறைந்த எண்ணிக்கையால் அறிவு அழிவதில்லை. பதிவு இல்லாததால் அழிகிறது. ஆண்டர்சன்பேட்டைக்கு அருகிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் கீழே, மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்து, வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டன. விரல்விட்டு எண்ணத்தக்க நிகழ்வுகளே அவர்களுக்குக் கிடைத்தன. நியான் ஒளிர்குழாய்களில் விழுந்த ஒவ்வொரு தடத்தையும் அவர்கள் பதிந்து வைத்திருந்ததால், அந்தச் சிலவே இயற்பியலுக்குப் போதுமானவையாயின. அதே பாறையில் தலைமுறைகளாகத் துளையிட்டவர்களின் கையறிவோ, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் குடும்பங்களோடு சிதறிப்போயிற்று. எந்தப் பாறை எவ்வாறு ஒலித்தால் ஆபத்து என்பதை அறிந்த முதியவர்களை இன்று ஒவ்வொருவராக இழந்துவருகிறோம்.

ஸ்டவுட்டின் அடுத்த வாளிக்கு ராகி வேண்டும் என்று அவர் கேட்டபோது, தாயார் அனுப்பிய பொட்டலத்தில் ஒரு தாளும் இருந்தது. எத்தனை மணி நேரம் ஊறியது, முளைவிட எத்தனை நாள் ஆயிற்று, வெயிலில் எவ்வளவு நேரம் காய்ந்தது என்பவற்றைத் தமிழில் வரிசையாக எழுதியிருந்தார். வரும் டிசம்பரில் திராட்சையையும் சர்க்கரையையும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்தே சாடியில் போடப்போவதாகக் கடைசி வரி சொல்லியது. அந்த வீட்டில் கணக்கோடு போடப்படும் முதல் சாடி அதுவாகும். அது புளிக்கவும் கூடும். புளித்தால் அதுவும் தாளில் ஏறும்.