பத்து கமலும் ஒரு பட்டாம்பூச்சியும்

'தசாவதாரம்' படத்தை டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? எண்ணிக்கையே இருக்காது. பல்ராம் நாயுடு வந்தா சிரிப்போம், ஃபிளெட்சர் மாஸ்க்கைப் பார்த்து கலாய்ப்போம், "அந்த முதல் சோழர் காலத்து சீனை மட்டும் தனிப் படமா எடுத்திருக்கலாம்டா"ன்னு யாராவது ஒருத்தன் கண்டிப்பா சொல்வான். நானும் அப்படித்தான் பார்த்துட்டு இருந்தேன்.

படம் வந்தது 2008 ஜூன் 13. நாலு வருஷம் கழிச்சு, 2012-ல், ஹாலிவுட்டில் 'கிளவுட் அட்லஸ்' வந்தது. ஆறு கதைகள், 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தொலைதூர எதிர்காலம் வரைக்கும். ஒரே நடிகர்கள் கதைக்குக் கதை வேற முகத்தோட வருவாங்க. ஹாஸ்டலில் அதைப் பார்த்து வாயைப் பிளந்தப்போதான் உறைச்சது: இதை நம்மாளு முன்னாடியே பண்ணிட்டாரே! 12-ஆம் நூற்றாண்டு சரித்திரம், வைரஸ் த்ரில்லர், காமெடி, மணல் கொள்ளை அரசியல், கடைசியில் சுனாமி. எல்லாம் ஒரே டிக்கெட்டில்.

இத்தனையையும் கட்டிப் போடுற கயிறு கேயாஸ் தியரி. படத்தில் அடிக்கடி ஒரு பட்டாம்பூச்சி பறக்குமே, அதுதான். 1961-ல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி, கம்ப்யூட்டரில் ஒரு கணக்கைத் திரும்ப ஓட்டும்போது 0.506127 என்பதற்குப் பதிலா 0.506 என்று போட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்ச தூரம் போனதும் வானிலையே மொத்தமா வேற மாதிரி வந்தது. தொடக்கத்தில் துளி மாறினாலும் முடிவைச் சொல்ல முடியாது என்பதுதான் அவர் கண்டது.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். லாரன்ஸ் சொல்வது 'என்ன ஆகும்னு தெரியாது'. படத்தின் கதை சொல்வதோ 'எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான்'. ரங்கராஜ நம்பியைச் சிலையோடு கடலில் போடுறாங்க. பல நூற்றாண்டு கழிச்சு அதே கடல் பொங்கி வருது. உப்புத் தண்ணி வைரஸைக் கொல்லுது, உலகம் பிழைக்குது. ஆனா பட்டாம்பூச்சிக்கு எந்தத் திட்டமும் கிடையாது. இது ரெண்டும் எதிரெதிர்தானே?

இதை நான் யோசிச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்த செமஸ்டரில் ஒரு கம்பெனி என்னைக் கடைசி ரவுண்டில் வெளியே அனுப்பியது. அந்த வாரக் கடைசியில் நாகல் நகர் வீட்டுக்குப் போனேன். வீட்டில் எல்லாரும் சொன்னது ஒரே வரி: "எல்லாம் நல்லதுக்குத்தான்." அன்னைக்குப் பார்த்து டிவியில் தசாவதாரம். நானும் அப்பத்தாவும் உட்கார்ந்து பார்த்தோம்.

எங்க ஊரில் கடல் கிடையாது. மாடிக்குப் போனா மலைக்கோட்டைதான் தெரியும். ஆனாலும் சுனாமி சீன் வந்ததும் அப்பத்தா பேச்சை நிறுத்திட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "அன்னைக்கு நீ ஒரு மாசக் குழந்தைய்யா. உன்னை மடியில போட்டுக்கிட்டுதான் நியூஸ் பாத்தேன். நாகப்பட்டினத்துல வரிசையா பிள்ளைகளைக் கிடத்தியிருந்தாங்க."

"படத்துல அந்த சுனாமியாலதான் அப்பத்தா உலகமே தப்பிச்சுச்சு" என்றேன்.

"செத்த பிள்ளையோட ஆத்தாகிட்ட போய் அதைச் சொல்லுவியா?"

பதில் இல்லை. 2004 டிசம்பர் 26-ல், சுமத்ரா பக்கத்தில் கடலுக்கு அடியில் வந்த 9.1 அளவு நிலநடுக்கம் 2 லட்சத்துக்கும் மேலான உயிர்களைக் கொண்டு போனது. அது யாருடைய நல்லதுக்கும் வரவில்லை. தட்டுகள் நகர்ந்தன, அவ்வளவுதான். அதுக்கு முன்னால் என் ரிஜெக்‌ஷன் மெயில் எல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஆனா ரெண்டுக்கும் ஒரே ஆறுதல் வரியைத்தான் வச்சிருக்கோம்.

அப்போதான் இத்தனை வருஷம் கவனிக்காத ஒரு இடம் கண்ணில் பட்டது. குழந்தைகளைக் காப்பாற்றப் போன பூவராகன் செத்துக் கிடப்பார். மகன் வருவான் வருவான்னு காத்திருந்த கிருஷ்ணவேணிப் பாட்டி, அந்த உடம்பைத் தன் மகன்னு நினைச்சுக் கட்டிக்கிட்டு அழுவாங்க. சாதி, ரத்தம், முன்ஜென்மம் எதுவும் அந்த ரெண்டு பேரையும் சேர்க்கவில்லை. ஒரு பாட்டியோட கை சேர்த்தது. பத்து கதையையும் இணைக்கிறது பட்டாம்பூச்சியோ சிலையோ இல்லை, இந்த அணைப்புதான்னு எனக்குத் தோணுது. காரணம் தெரியாத ஒண்ணு நடந்து முடிஞ்ச பிறகு, பக்கத்தில் இருக்கிறவங்க என்ன செய்றாங்க என்பது மட்டும்தான் நம்ம கையில் இருக்கு.

அன்னைக்கு ராத்திரி அப்பத்தா "நல்லதுக்குத்தான்"னு சொல்லவே இல்லை. தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாங்க.

அடுத்த தடவை டிவியில் போட்டா, பல்ராம் நாயுடுவோட சேனலை மாத்திடாதீங்க. அந்த இடம் வரைக்கும் பாருங்க.