வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு பனிமலை



பெடாஸ் என்றால் மலாய் மொழியில் காரம். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அங்கே மிளகாய் நிறைய விளையுமோ?" என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எங்கள் ஊரைப் பிறர் அறியச் செய்தது மிளகாயல்ல, வெந்நீர் ஊற்று. சிரம்பானிலிருந்து தம்பின் போகும் பழைய சாலையில் வந்தால், ரெம்பாவுக்கு முன்னால் எங்கள் ஊர். ஒரு காலத்தில் சாலையின் இருபுறமும் பால்மரம் நின்றது. இப்போது செம்பனை. வெந்நீர் ஊற்றைச் சுற்றிக் குளங்கள் கட்டி, சறுக்குகள் வைத்து, நீர் விளையாட்டுப் பூங்காவாகவும் ஆக்கினார்கள். ஆனால் எங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அது என்றைக்கும் மூட்டுவலிக்கு மருந்துதான்.

இந்த ஊற்றை மனத்தில் வைத்துத்தான், பள்ளி விடுமுறைக்கு முன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "நம் பெடாஸில் ஓர் உல்லாசப் பூங்கா கட்டப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் பொம்மைப் படக் கதைகளுக்கு அங்கே இடம் உண்டு. எந்தக் கதையை எந்த இடத்தில் வைப்பீர்கள்? வரைந்து காட்டுங்கள்."

ஆசிரியைக்கு வேறு வேலையில்லையா என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோர்களையும் அழைத்துக்கொண்டு இரண்டு பஸ்களில் ஓர் உல்லாசப் பூங்காவுக்குப் போனோம். எந்தப் பூங்கா என்பது இங்கே தேவையில்லை. வாரம் ஐந்து வெள்ளியாக ஆறு மாதம் சேர்த்த பணம் அது. முதலாம் வகுப்புப் பெண் ஒருத்தியுடன் அவள் பாட்டி வந்திருந்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டதால் துணைக்கு இவர்.

அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பொம்மைப் படத்தில் வரும் யானையின்மேல் ஏறிச் சுற்றி வர வேண்டும். வாசலில் கொடுத்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். முதலில் கடைகள். அப்புறம் வாலிபர்கள் அலறிக்கொண்டு போகும் பெரிய உருள்வண்டிகள். அதையும் தாண்டிக் குளம். எல்லாம் முடிந்து வேலியோரத்தில், மிச்சமிருந்த நிலத்தில், குழந்தைகளின் கதை உலகம்! கட்டியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சின்னப் பிள்ளைக்குச் சின்ன இடம் போதும், அதை எங்கே வைத்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள். ஆனால் சின்னப் பிள்ளையோடு வருகிறவர் யார்? பாட்டிதானே?

நிழலுக்கு நிழல் நின்று, உட்கார இடம் தேடி, கழிவறைக்கு இருமுறை போய், அவர்கள் அந்த யானையிடம் போய்ச் சேரும்போது மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது. நம் நாட்டு வானத்தை நீங்கள் அறிவீர்கள். மூன்று மணிக்கு இடி இடித்தது. திறந்தவெளி விளையாட்டுகள் அனைத்தையும் நிறுத்தினார்கள். மின்னலில் பிள்ளைகளை ஏற்ற முடியுமா? அது சரிதான். ஐந்து மணிக்கு எங்கள் பஸ் புறப்பட்டது. அதுவரை மழை விடவில்லை.

பஸ்ஸில் பிள்ளை அழுது அழுது தூங்கிப்போனாள். பாட்டி என்னைப் பார்த்து, "பரவால்ல டீச்சரம்மா, ஆனய தூரத்துல நின்னாவது பாத்தாளே" என்றார். எனக்குத்தான் பதில் சொல்ல வாயில்லை.

அன்று முதல் எந்தப் பூங்காவைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், பொம்மைப் படக் கதைகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இந்த விஷயத்தில் உலகத்துக்கே வழிகாட்டியானவர் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி. 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அந்த 160 ஏக்கர் நிலம் முன்பு ஆரஞ்சுத் தோட்டம் என்றால், தோட்டத்து மக்களாகிய நமக்கு ஓர் ஒட்டுதல் வருகிறதல்லவா? உள்ளே நுழைய ஒரே வாசல். அங்கிருந்து நேரான ஒரு தெரு. தெருமுனையில் ஒரு கோட்டை. வாசலில் நிற்கும் பிள்ளைக்கும் கோட்டை கோபுரம் தெரியும். கால் தானாக அதை நோக்கி நடக்கும். கோட்டைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனால் ஸ்னோ ஒயிட், பீட்டர் பான், பறக்கும் யானைக்குட்டி டம்போ. கதை உலகம் கோட்டைக்குப் பின்னால் இருந்தாலும் ஒளிந்திருக்கவில்லை. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்தக் கோட்டை தூங்கும் அழகியின் கோட்டை. ஆனால் அந்தப் படம் வெளிவந்தது 1959இல்தான். கோட்டை கட்டி நான்கு ஆண்டு கழித்துக் கதை வந்து குடியேறியது!

பிற்காலத்தில் டிஸ்னி நிறுவனத்தாரே இந்த இடப் பொருத்தத்தில் வழக்குக்கு இடம் வைத்தார்கள். டிஸ்னிலாந்தில் எதிர்கால உலகம் என்றொரு பகுதி உண்டு. அங்கே 1959 முதல் நீர்மூழ்கிக் கப்பல் சவாரி நடந்தது. 1998இல் மூடப்பட்ட அந்தச் சவாரியை, 2007இல் நீமோ என்ற மீன்குஞ்சின் கதையாக மாற்றித் திறந்தார்கள். மீனுக்கும் எதிர்காலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நான் நிறுவனத்தார் பக்கம். தண்ணீர் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, மீன் வருகிறது. ஆறு வயதுப் பிள்ளை பெயர்ப் பலகையைப் படித்துவிட்டா உள்ளே போகிறது?

ஆனால் புளோரிடாவில் அவர்கள் செய்ததை என்னால் முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை. அங்கே எப்கோட் என்னும் பூங்காவில் நாடு நாடாக மண்டபங்கள் கட்டியிருக்கிறார்கள். நார்வே நாட்டு மண்டபத்தில் 1988 முதல் அந்நாட்டுப் பழங்கதைகளைக் காட்டும் படகுச் சவாரி ஒன்று இருந்தது. 2014இல் அதை மூடி, 2016இல் ‘ஃப்ரோசன்’ படத்தின் சவாரியாக்கினார்கள். படத்தில் வரும் அரெண்டெல் நாடு கற்பனை நாடு. நார்வேயின் மலையையும் கடலையும் பார்த்து வரைந்தது என்பது உண்மையே. என்றாலும், பூகோளம் சொல்லித் தருகிறவளுக்கு இது இடிக்கிறது. நாளைக்கு ஒரு பிள்ளை வரைபடத்தில் அரெண்டெல் எங்கே என்று தேடினால் யார் பொறுப்பு? கதை மண்ணோடு சேர வேண்டும், சரி. மண்ணின் பேரையே கதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் பக்கத்துக்கு வருவோம். பொம்மைப் படங்களுக்கென்றே ஒரு முழுப் பூங்கா நம் நாட்டில் இருந்தது. 2017 ஜூன் மாதம் ஈப்போவின் மேரு ராயாவில் 52 ஏக்கரில் திறந்தார்கள். நம் நாட்டுப் போபோய்போய் அங்கே இருந்தான். நீல நிறக் குள்ளர்களான ஸ்மர்ஃப்களும், காஸ்பர் என்ற நல்ல பேயும் இருந்தார்கள். 2018இல் என் தங்கை பிள்ளைகளோடு போனேன். பெடாஸிலிருந்து விடியுமுன் புறப்பட்டோம். நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம். கோப்பேங் தாண்டியதும் சுண்ணாம்பு மலைகள் தெரிந்தன. சின்னவன் கார்க் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, "பெரியம்மா, அந்தக் குகைக்குள்ள பேய் இருக்குமா?" என்றான். இந்த மலைக்குகை ஒன்றில் காஸ்பரை வைத்திருந்தால் எப்படியிருக்கும் என்று அப்போது நினைத்தேன். அன்று பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். எல்லாமே கதை உலகம் என்பதால், எது மூலை எது நடு என்ற கேள்வியே அங்கே எழவில்லை. ஆனால் 2020 ஜனவரியில் அந்தப் பூங்கா மூடப்பட்டது. மூன்று வயதுகூட நிறையவில்லை. இடத்தைச் சரியாக வைத்தால் மட்டும் பூங்கா பிழைத்துவிடாது என்பதையும் நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்களைப் போல் ஆண்டுக்கொரு தடவை, அதுவும் காசு சேர்த்துப் போகிறவர்களை நம்பி அவ்வளவு பெரிய இடத்தை நடத்த முடியுமா?

சிங்கப்பூர் செந்தோசாவில் 2010இல் திறந்த யுனிவர்சல் பூங்காவில் ஷ்ரெக் என்னும் பச்சைப் பூதத்துக்குப் பெரிய கோட்டை இருக்கிறது. அங்கே எனக்குப் பிடித்தது கோட்டையல்ல, நுழைவுத் தெருவுக்குமேல் போட்டிருக்கும் கூரை. மழைநாட்டில் பூங்கா கட்டுகிறோம் என்ற நினைவு யாருக்கோ இருந்திருக்கிறது. மடகாஸ்கர் படத்தின் படகுச் சவாரியையும் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அது 2022இல் நின்றது. அந்தப் பகுதியில் 2025 பிப்ரவரியில் மஞ்சள் நிற மினியன்கள் குடியேறிவிட்டார்கள்.

கெந்திங் மலையில் 2022 பிப்ரவரியில் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்காவில் ஒன்பது உலகங்கள். அவற்றில் ஒன்று ‘ஐஸ் ஏஜ்’ படத்தின் பனிக்கால உலகம். ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரம், மூடுபனி, குளிர்காற்று. பனி யானை வாழும் கதைக்கு இந்த நாட்டில் இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்? செயற்கையாகச் செய்ய வேண்டியதில் பாதியை மலையே செய்து கொடுத்துவிட்டது.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகளை வரையச் சொன்னேன். இனி அவர்கள் வரைந்ததைக் கேளுங்கள்.

பையன்கள் நால்வர் சேர்ந்து சாங் கஞ்சில் என்ற சருகுமான் கதையை ஆற்றங்கரையில் வைத்தார்கள். முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, எண்ணுகிறேன் என்று ஏமாற்றி, அவற்றின் முதுகில் தாவி ஆற்றைக் கடக்கும் மலாய்க் கதை அது. லிங்கி ஆற்றில் உண்மையாகவே முதலை உண்டு என்பதால் மிகப் பொருத்தம் என்று வாதாடினார்கள். முதலைகள் மட்டும் பொம்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். அப்போது அவர்களுக்கு ஒரு செய்தி சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். பிலிம் நெகாரா தயாரித்து, 1983இல் மக்கள் பார்த்த ‘ஹிகாயாட் சாங் கஞ்சில்’ நம் நாட்டின் முதல் பொம்மைப் படம். அதை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். பெயரைக் கேட்டதும் பின்வரிசையில் இருந்தவன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பெண்பிள்ளைகள் உப்பின் இப்பின் வீட்டை வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். கம்போங் வீடு, கூரைக்கு மட்டும் நம் நெகிரி செம்பிலானின் எருமைக் கொம்பு வளைவு. பக்கத்தில் முத்து அங்கிள் கடை, அதன் பின்னால் ராஜுவும் அவன் மாடு சாப்பியும். "நம்ம ராஜுவைப் பின்னால வச்சிட்டீங்களே?" என்றேன். ஒருத்தி சற்றும் தயங்காமல், "மாட்டுக்குப் புல் வேணும் டீச்சர், முன்னாடி சிமெண்டுத் தரை" என்றாள்.

கடைசியாக ஒரு பையனின் தாள். வெந்நீர் ஊற்றை ஒட்டியே வெள்ளையாக ஒரு பனிமலை வரைந்திருந்தான். மலைமேல் பனி யானை. வெந்நீருக்குப் பக்கத்தில் பனியா! கெந்திங்கைப் பற்றி அவ்வளவு விளக்கியும் காதில் ஏறவில்லையே என்று சிவப்பு மையால் ‘பொருத்தமில்லை’ என்று எழுதிவிட்டேன். பிறகுதான் அவனைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டேன்.

"பாட்டி வெந்நீர்ல கால வச்சிக்கிட்டு உட்காருவாங்க டீச்சர். பக்கத்துலயே நான் வெளயாடுவேன். அங்கேருந்தே என்னப் பாக்கலாம். பனிமல வீட்டுக்குள்ள இருக்கு, மழ பேஞ்சாலும் நிறுத்த மாட்டாங்க. அக்காவுக்கு ஆன கெடைக்கலன்னு பாட்டி இன்னும் சொல்வாங்க."

அப்போதுதான் யாருடைய தம்பி என்று எனக்கு உறைத்தது. அந்தப் பெண் இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். பாட்டி இருக்கிறார், நடை குறைந்துவிட்டது.

தாளை மறுபடியும் வாங்கிப் பார்த்தேன். முதலில் கவனிக்காததெல்லாம் தெரிந்தது. பனிமலைக்கு மேல் பெரிய கூரை. ஊற்றைச் சுற்றி நீளமான பெஞ்சு. கழிவறை மூன்று இடத்தில். வாசலிலிருந்து ஊற்றுக்குப் போகும் வழியில் படி ஒன்றுகூட இல்லை. பஸ் நிற்கும் இடத்தைப் பனிமலைக்கு எதிரிலேயே வரைந்து, இரண்டு பஸ்கள் போட்டு, ஒன்றின்மேல் எங்கள் பள்ளியின் பெயரை எழுதியிருந்தான். சிவப்பு மையை அழிக்க முடியவில்லை. புதுத் தாள் கொடுத்து மறுபடி வரையச் சொன்னேன். இந்தத் தடவை வண்ணம் தீட்டி, பெஞ்சில் ஒரு பாட்டியையும் உட்கார வைத்துக் கொண்டுவந்தான். வகுப்பின் பின்சுவரில் ஒட்டியிருக்கிறேன்.