கெங்கிரேயா முதல் கொட்டியாரக்குடா வரை

துறைமுகங்கள் பண்டங்களை மட்டும் இறக்குவனவல்ல. சமயங்களையும் சிந்தனைகளையும் உடன் கொணர்வன. திருகோணமலையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். கோணேசர் கோயில் கொண்ட இந்நகரில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துக் கால்வைத்தனர். 1795 இல் ஆங்கிலேயர் கைப்பட்ட இத்துறை, 1957 வரை அவர்தம் கடற்படைக்குத் தளமாக விளங்கிற்று. கப்பல்கள் போயின, தேவாலயங்கள் நிலைத்தன. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர் எனப் பல பிரிவினரும் இங்குத் தமிழில் வழிபட்டு வருகின்றனர்.

இத்தேவாலயங்களின் அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்போர் பெரிதும் பெண்களே. ஞாயிறு பாடசாலை, நோயாளரைக் காணச் செல்லுதல், பாடற்குழு, ஆலயத்தைத் தூய்மை செய்தல் ஆகியன அவர்தம் கைகளிலேயே உள்ளன. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இக்கரையோரப் பெண்கள் பலரைக் குடும்பத் தலைவியராக்கின. இல்லத்தை ஆளும் ஆற்றல் உடையவள் என உலகம் கண்டுகொண்ட ஒருத்தி, சபையை ஆளும் இடத்தில் மட்டும் ஏன் கேட்போளாக அமர்தல் வேண்டும்? இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

பெண்கள் சபையில் பேசாதிருக்கவேண்டும் எனப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியமை, மறுப்போர் முன்வைக்கும் முதற் சான்றாகும். ஆயின் அதே நிருபத்தில், பெண்கள் ஜெபம் பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் அவர் இயல்பான செயல்களாகவே கொண்டு பேசுகின்றார். அன்றியும், கொரிந்துவின் கீழைத்துறைமுகமே கெங்கிரேயா. அவ்வூர்ச் சபையில் பணியாற்றிய பெபேயாளை அவர் உரோமருக்குப் பரிந்துரைக்கின்றார். தமிழ் வேதாகமம் அவளை 'ஊழியக்காரி' என்கிறது. பவுல் தம்மையும் அப்பொல்லோவையும் குறிக்க ஆண்ட கிரேக்கச் சொல்லும் அதுவே. அங்கும் தமிழ் 'ஊழியக்காரர்' என்றே பெயர்க்கின்றது. சொல் ஒன்றாயிருக்க, ஆணிடத்து அது பதவியாகவும் பெண்ணிடத்து ஏவலாகவும் பொருள்படுவது நூலின் குற்றமன்று, வாசிப்போரின் வழக்கமேயாம்.

மரபும் இதற்கு முற்றிலும் பகையன்று. துறைமுக நகராகிய காரைக்காலில் தோன்றிய அம்மையாரை நாயன்மார் வரிசையில் வைத்துப் போற்றியது தமிழகம். கிறித்தவ உலகிலும் தடைகள் ஒவ்வொன்றாய் நெகிழ்ந்துள்ளன. 1944 இல், போர்க்காலச் சீனாவில், புளோரன்ஸ் லீ டிம் ஒய் அங்கிலிக்க மரபின் முதற் பெண் குருவானார். எதிர்ப்பு எழவே, இரண்டாண்டுகளில் அப்பணியினின்றும் விலக நேர்ந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1976 இல் பெண்ணுக்குக் குருத்துவம் வழங்கிற்று. 2013 இல் புஷ்பலலிதா அம்மையாரை நந்தியால் ஆயராக அருட்பொழிவு செய்தது. இலங்கைத் திருச்சபையும் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே பெண்களைக் குருக்களாக ஏற்றது. அத்திருச்சபையின் உச்ச அதிகாரம் கன்ரபரிப் பேராயரிடம் உள்ளது. முன்னர்த் தாதியாகப் பணிபுரிந்த சாரா முலாலி 2025 ஒக்டோபரில் அப்பதவிக்குப் பெயர் குறிக்கப்பட்டார். ஆகவே திருகோணமலை அங்கிலிக்கருக்குப் பெண் தலைமை என்பது தொலைதேசத்துச் செய்தியன்று.

கத்தோலிக்கரின் நிலை வேறு. 1893 இல் தனி மறைமாவட்டமாக உயர்ந்த திருகோணமலை, உரோமையின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என 1994 இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அறுதியிட்டுரைத்தார். பன்னிருவரும் ஆண்களே என்பது அவர்தம் வாதத்தின் அடிப்படைகளுள் ஒன்று. எனினும் 2021 இல் வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகள் முறைப்படி பெண்களுக்கும் திறக்கப்பட்டன. 2023 ஆம் ஆண்டின் ஆயர் மாமன்றத்தில் பெண்களும் வாக்களித்தனர்.

குருத்துவம் ஒன்றே சமத்துவத்தின் அளவுகோலாகாது என்பதும் ஈண்டு உணரற்பாலது. வரவுசெலவை யார் தீர்மானிக்கின்றனர், நிவாரணம் எவ்வாறு பகிரப்படுகின்றது, நிருவாகக் குழுவில் யாருடைய சொல் ஏறுகின்றது என்பனவும் தலைமையே. இவற்றிற் பெண்களுக்குச் சமபங்கு அளிக்க உரோமையின் அனுமதியோ கன்ரபரியின் ஆணையோ வேண்டுவதில்லை. ஒவ்வொரு சபையும் தன் அடுத்த ஆண்டுக் கூட்டத்திலேயே செய்யத்தக்க செயல் அது. அதனைச் செய்யாதிருக்கும் சபை, வேதத்தைக் காரணங் காட்டுதல் பொருந்தாது.