பாசிக்கு இட்ட சோறு

டொராண்டோவில் மகன் வீட்டில் ஆறு திங்கள் தங்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியபோது தவக்காலம் தொடங்கியிருந்தது. வெளியே பனி. மகன் அலுவலின் பொருட்டு ஐந்து வாரம் வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. மருமகளும் காலையில் போனால் இரவில்தான் திரும்புவார். பகல் முழுவதும் எங்கள் இருவருக்கும் துணை, கூடத்தில் இருந்த கடல்நீர்த் தொட்டிதான். முந்நூறு லிட்டர் நீரில் உயிருள்ள பவளங்களும் ஐந்து மீன்களும். (நம் நாட்டில் பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டம் இடந்தராது. அங்கே பண்ணையில் வளர்த்த துண்டுகள் கடையிலேயே கிடைக்கின்றன.) மன்னார் வளைகுடாக் கரையில் வளர்ந்தவர்களாயினும், பவளம் அசைவதையும் உண்பதையும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் முதன்முதலாகக் கண்டோம்.

மகன் சொல்லிச் சென்ற விதிகள் இரண்டே. நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக, நிலவறையில் உள்ள சுத்திகரித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும்.

இரண்டையும் மீறினோம். மீன்கள் கண்ணாடியருகே வந்து வாய் திறக்கும்போது எங்களால் வாளாவிருக்க முடியவில்லை. நாங்கள் ஒருசந்தி இருந்த நாள்களிலும் அவற்றுக்கு மூன்று வேளை படைத்தோம். நிலவறைப் படிகளில் இறங்க முழங்கால் இடந்தராததால் குழாய் நீரையே ஊற்றினோம். ஈயக் குழாய் அரிப்பைத் தடுக்க அந்நகரின் குடிநீரில் 2014 முதல் பாஸ்பேட் சேர்க்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். மனிதருக்குக் காப்பாகும் அதுவே பாசிக்கு உரம்.

மூன்றாம் வாரத்தில் பாறைகளின் மேல் பச்சை மயிர்போல் ஏதோ அரும்பியது. குருத்து ஞாயிறன்று அது விரல் நீளம் வளர்ந்துவிட்டது. மகன் வருமுன் துடைத்துவிட வேண்டும் என்ற வெட்கத்தில், பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே தேய்த்தோம். களைகளின் உவமையை எத்தனை திருப்பலிகளில் கேட்டிருப்போம்! கையில் தூரிகை இருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அறுந்த இழைகள் மிதந்து சென்று வேறிடங்களில் வேர்கொண்டன போலும். பத்தே நாளில் கிளைப்பவளம் ஒன்றை மூடிவிட்டன. விலக்கிப் பார்த்தபோது வெள்ளை எலும்புதான் இருந்தது.

மகன் வந்தான். கடிந்துகொள்ளவில்லை. "அப்பா, பாசியைப் பிடுங்குறீங்க. ஆனா அதுக்குச் சோறு போடுறதை நிறுத்தலையே" என்று மட்டும் சொன்னான். மீன் தின்னாமல் விட்ட தீனியும் அதன் கழிவும் நீரில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தேங்குகின்றன. பவளம் வாழும் கடலோ இவை மிக அருகிய கடல். அங்கே பவளத்துக்குப் பெரும்பகுதி உணவை ஊட்டுவது, அதன் சதைக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசி. நாங்கள் பகையென்று நினைத்த இனமே பவளத்தின் உள்ளிருந்து அதை வாழ்விக்கிறது என்று கேட்டபோது சற்று நேரம் பேச்செழவில்லை.

மருந்து எதையும் அவன் ஊற்றவில்லை. பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வாளியிலிருந்த உப்புநீரில் இழைகளைப் பறித்தோம். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீர் மாற்றினோம். விளக்கு எட்டு மணி நேரம் மட்டும். தீனி ஒன்றுவிட்டு ஒருநாள். பாசி மேயும் நத்தைகள் இருபது வந்தன. அடித்தொட்டியில் வேறொரு பாசியைப் பந்துபோல் வளர்த்தான். அது உரத்தை உறிஞ்சிக்கொள்ள, வளர்ந்ததை அறுத்து எறிந்தோம்.

மேய்வோர் இல்லாவிடில் பெருங்கடலுக்கும் இதே கதிதான். 1983-இல் கரிபியன் கடலின் நீள்முள் மூரைகளை ஒரு நோய் ஏறக்குறைய முற்றிலும் அழித்தது. மேயும் மீன்களை ஜமைக்காக் கடலில் முன்பே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980-இல் சூறாவளியும் தாக்கியிருந்தது. 1977-இல் அங்கே பவளத்திட்டுகளில் பாதிக்குமேல் போர்த்தியிருந்த உயிர்ப்பவளம் 1993-இல் நூற்றுக்கு மூன்றாயிற்று. எஞ்சிய இடத்தின் பெரும்பகுதியைப் பாசி கொண்டது.

எங்கள் தொட்டி தெளிய மூன்று மாதம் ஆயிற்று. பசியோடு வாய் திறந்த மீன்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நாங்கள் இருந்த ஒருசந்திகளைவிடக் கடினமாயிருந்தது. ஆனால் அவை மெலியவில்லை. பாறைகளை மேயத் தொடங்கின.

நாங்கள் ஊர் திரும்பும் வாரத்தில், இறந்த பவளத்தின் எலும்பில் நகக்கண்ணளவு இளஞ்சிவப்பாக ஏதோ படர்ந்திருந்தது. சுரண்டி எடுக்கட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றான் மகன். அதுவும் பாசிதானாம்; கல்லைப்போல் இறுகிப் பவளத்திட்டைப் பிணைக்கும் வகையாம்.